அத்தை பைனாகுலர் வாங்காமல் இருந்த கதை

பத்துச் சக்கர லாரி ஒன்று எடைமேடையில் ஏறி நின்றால், திரையில் எண்கள் ஓடி அடங்குவதற்குள் அது எத்தனை டன் என்று என் அத்தை சொல்லிவிடுவாள். கேபினில் கூடுதலாக ஓர் ஆள் படுத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்வாள். அப்படிப்பட்டவள், ஒரு கிலோகூடப் பெறாத பைனாகுலர் ஒன்றை வாங்குவதற்கு என்னைக் கடை கடையாக அலையவிட்டாள். எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பைனாகுலர் வேண்டாம், அதை வாங்கச் சொன்ன ஆள்தான் வேண்டும். என்னிடம் யாரும் இதை முதலில் சொல்லவில்லை. நீங்களாவது அலையாமல் இருங்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடி அறை அவளுடையது. நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள், கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது வாயைக் கிண்டினால், "லோடு ஒத்து வரல" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பாள். வேலை, ஊருக்கு வெளியே ஒரு கல் குவாரியின் எடைமேடையில். காலியாக வரும் லாரியை ஒரு தடவை எடை போடவேண்டும், ஜல்லி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குச் சீட்டு. கேட்க எளிதாகத்தான் இருக்கும். பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறவர்கள், காலி வண்டியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஏற்றி வந்து எடை போட்டபிறகு கொட்டிவிடுகிறவர்கள் என்று தினமும் ஒரு தில்லுமுல்லு. எல்லாருக்கும் அத்தை ஜன்னலைத் திறந்து ஒரே வசனம்தான் சொல்வாள். "தம்பி, இறங்கிட்டு மறுபடி ஏறுங்க." அவர்களும் வாயைத் திறக்காமல் இறங்கி ஏறுவார்கள்.

இந்த வேலையால் அவளுக்கு ஒரு வியாதியும் ஒட்டிக்கொண்டது. கனமாக இருப்பதுதான் நல்ல சரக்கு என்பாள். வாணலியானாலும் குடையானாலும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். எங்கள் வீட்டுத் தலையணைகளை வைத்து ஆளை அடிக்கலாம். அம்மாவுக்குக் கழுத்துவலி வந்ததற்கு யார் காரணம் என்று நாங்கள் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

குவாரிக்குப் பின்னால், தோண்டி முடித்துக் கைவிட்ட ஒரு பெரிய பள்ளம். மழைத் தண்ணீர் நின்று நின்று அது குளமாகிவிட்டது, கோரையும் முளைத்துவிட்டது. பறவைகள் வரத் தொடங்கின. பறவைகளைத் தேடி ஒரு பல் டாக்டர் அம்மா தலைமையில் ஒரு கூட்டமும் வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை லாரி கிடையாது, கேட் சாவி அத்தையிடம். திறந்துவிடப் போனவள் அவர்கள் திரும்பும்வரை பூட்டக் காத்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்குப் பதிலாகப் பின்னாலேயே நடந்தாள். அப்படித்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர். ஐம்பதை நெருங்குகிற மனிதர். மனைவி தவறி வெகுகாலமாகிறது. வாரம் முழுவதும் ஒரு பஸ் நிறையக் குழந்தைகளின் கூச்சலில் கிடக்கிறவர் என்பதாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை வாயையே திறக்கமாட்டார். கூட்டத்தில் அவருக்கு வைத்த பெயர் சைலன்சர். அத்தை நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதைக் கவனித்த சைலன்சர், ஒரு வார்த்தையும் பேசாமல் தன் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி நீட்டினார்.

ஒரு பைனாகுலரில் இரண்டு பேர் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரியாது. சைலன்சருக்கு அகல முகம், அத்தைக்கு ஒடுங்கின முகம். கைமாறும்போது நடுவிலே மடக்கி இரண்டு குழல்களையும் நெருக்கவேண்டும். அவருக்கு மூக்குக்கண்ணாடி கிடையாது, அத்தைக்கு உண்டு. ஆகவே கண் வைக்கிற இடத்து ரப்பர் வளையங்களைத் திருகிக் கீழே இறக்கவேண்டும். இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒரே மாதிரி இருக்காது இல்லையா, அதைச் சரிக்கட்ட வலது கண் பக்கம் இன்னொரு வளையம், அதையும் திருப்பவேண்டும். இவ்வளவும் முடித்துக் கண்ணில் வைத்தால் அங்கே வெறும் கிளை ஆடிக்கொண்டிருக்கும். பறவைக்கு வேறு வேலை இருக்காதா?

வளையம் திருப்புகிற வேலையையாவது குறைக்கலாம் என்று சைலன்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். பஸ்ஸில் எழுத்து எழுதுகிற பெயிண்டால் தன் கண்ணுக்குச் சரியான இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டார். "உங்களுக்கும் ஏதாவது கலர் கொண்டுவாங்க" என்று அத்தையிடம் சொன்னார். மறுவாரம் என் சிவப்பு நெயில் பாலிஷ் காணாமல் போனது. அதற்காக நான் அம்மாவுடன் சண்டை பிடித்து இரண்டு பேரும் பேசாமல் இருந்தது தனிக் கதை.

இப்படியே மாதங்கள் ஓடின. அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் தலையைக் கொஞ்சம் கூடுதலாக வாரிக்கொண்டு போனாள். நான் கண்டுகொள்ளவில்லை. எனக்கு ஞாயிறு என்றால் தூக்கம்.

பிறகு ஒரு நாள் பட்டமரக் கிளையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்ததாம். வாயில் மீன், வெயில் நேராக முதுகில் விழுந்து நீலம் கண்ணைப் பறித்ததாம். பார்த்த சைலன்சர் அவசர அவசரமாகப் பைனாகுலரை அத்தையிடம் நீட்டினார். அத்தை மடக்கினாள், இறக்கினாள், திருப்பினாள். கிளைதான் ஆடியது. அப்போது சைலன்சர் தன் வாழ்நாளின் நீளமான பேச்சைப் பேசினார். "என்னால நீங்க எதையுமே முழுசா பாக்க முடியல. நீங்களே சொந்தமா ஒண்ணு வாங்கிடுங்க. கம்மி விலையிலயே நல்லது கிடைக்கும்."

அத்தை வீட்டுக்கு வந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "சொந்தமா வாங்கிடணுமாம்" என்றாள். பத்து வருடம் வேலை பார்த்த இடத்தில் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொன்னதுபோல இருந்தது அவள் குரல். நானோ மரமண்டை. "அதுக்கென்ன அத்தை, வாங்கிட்டா போச்சு. நான் கூட வரேன்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம்.

நான் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவள். "போடப் போட இளகிடும்" என்று தினமும் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவள். விற்கிறவர்களின் புளுகு எனக்கு அத்துப்படி என்பதால் அத்தைக்கு என்னை விட்டால் துணை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் போனது பரிசுப் பொருள் கடை. சுவர்க் கடிகாரங்களுக்கும் கரடி பொம்மைகளுக்கும் நடுவில் சிவப்புக் கண்ணாடி வைத்த ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர், "அறுபது மடங்கு பெருசா காட்டும்மா. நிலாவுல இருக்கிற பள்ளமெல்லாம் தெரியும்" என்றார்.

"எங்களுக்கு நிலா வேண்டாங்க, நாரை போதும்" என்றேன்.

அத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ரப்பர் இறங்கவில்லை. மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி துளியூண்டு தெரிந்ததாம். தெரிந்ததும் பாசி பிடித்த பச்சையாக இருந்ததாம். நானும் வாங்கிப் பார்த்தேன். எதிர்க்கடை முதலாளி பச்சையாக உட்கார்ந்திருந்தார். அத்தை வேண்டாம் என்றாள். நியாயம்தான், சபாஷ் அத்தை என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

அடுத்தது பழைய கேமராக் கடை. அங்கே இருந்த பெரியவர் பீரோவுக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். "இருபது மடங்கு. கப்பல்ல வேலை பாத்தவர் வெச்சிருந்தது" என்றார். கையில் வாங்கியதும் அத்தையின் கை கீழே இறங்கியது. முகம் மலர்ந்தது.

"இதுலதான்டி சரக்கு இருக்கு!"

விஷயம் முடிந்தது, வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று நினைத்தேன். அத்தை வெளியே வந்து எதிரே இருந்த மருந்துக்கடைப் பலகையைப் பார்த்தாள். "ஏண்டி, பூமி ஆடுதா?" என்றாள். பூமி ஆடவில்லை, அத்தையின் கைதான் ஆடியது. பொருளை இருபது மடங்கு காட்டுகிற சாமான் கை நடுக்கத்தையும் இருபது மடங்கு காட்டுமாம். இவ்வளவு கனத்தைத் தூக்கிப் பிடித்தால் நடுங்காமல் என்ன செய்யும்? பெரியவர் அசரவில்லை. "ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிட்டா ஆடாது" என்றார்.

"ஸ்டாண்டைத் தூக்கிட்டு வர ஒரு ஆள் வேணுமே" என்றேன்.

"ஆமாங்க, ஆள் இல்லையே" என்று சொல்லி அத்தை அதைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பிடித்த கனம், பிடித்த விலை. ஆனாலும் வைத்தபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, மழைக்கோட்டும் கூடாரமும் நடைபயண ஷூவும் விற்கிற கடை. அங்கே இருந்த பெண் நிலாவைப் பற்றிப் பேசவில்லை. "கண்ணாடி போட்டுக்கிட்டேதான் பாப்பீங்களா?" என்று முதலில் அதைத்தான் கேட்டாள். பிறகு கையடக்கமான ஒன்றை எடுத்தாள். "எட்டு மடங்கு போதும்மா, கை ஆடினாலும் தெரியாது. முன்பக்கக் கண்ணாடி நல்லா அகலம், விடிகாலையில வெளிச்சம் பத்தாட்டியும் சமாளிக்கும். ரப்பரை இறக்கிட்டு வெளியே போய் நிதானமா பாருங்க" என்றாள். விலையும் கையைக் கடிக்கவில்லை.

அத்தை நடைபாதையில் நின்று விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள். மேலே ஒரு காக்கா. வளையத்தை மெல்லத் திருப்பினாள். பிறகு தாழ்ந்த குரலில், "அதோட கண்ணு தெரியுதுடி" என்றாள். "இமை மூடித் திறக்குது. கழுத்துல ஒவ்வொரு முடியா தெரியுது." வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பறவையை, யாருக்கும் திருப்பிக் கொடுக்கிற அவசரமில்லாமல், முழுசாகப் பார்த்தாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மறு நிமிஷமே முகம் மாறியது. பைனாகுலரைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "கனமே இல்ல. காலி வண்டி மாதிரி இருக்கு" என்றாள். கனமில்லாததுதான் நல்லது, கழுத்து வலிக்காது என்றாள் கடைப்பெண். "மூக்குப் பக்கம் கொஞ்சம் கடிக்குது" என்றாள் அத்தை. சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தாள்.

அங்கேதான் எனக்கு மண்டையில் மணி அடித்தது. என் கடைக்கு வருகிறவர்களில் நிஜமாகவே செருப்பு கடிக்கிறவர்கள், ஒரு சைஸ் பெரிதாகக் காட்டு என்பார்கள். வாங்க மனசில்லாதவர்கள்தான் கொஞ்சம் கடிக்குது என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்ப்பார்கள். அத்தையைக் கடைப் படியில் உட்காரவைத்தேன்.

"அத்தை, உண்மையைச் சொல்லு. உனக்கு இது வேண்டாம். ஏன்?"

அத்தை பிடிகொடுக்கவில்லை. நிறம் சரியில்லை என்றாள், பட்டை சரியில்லை என்றாள். நான் நகரவில்லை. கடைசியில் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒருத்தர் பக்கத்துல போய் நிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும்லடி. அந்த ஒரு சாமான்தான் காரணம். இப்ப ஆளுக்கு ஒண்ணு கழுத்துல தொங்கினா, அவர் அந்தக் கரை, நான் இந்தக் கரை. அப்புறம் என்ன பேசுறது? அவரோ பேசாத ஆளு."

"அவருக்கும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ?"

"இருந்தா வாங்கச் சொல்வாரா? தொல்லை விட்டா போதும்னு தோணியிருக்கும்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அழுகையை அடக்கிவிட்டுக் கோபத்தை வெளியே விட்டேன். "ஏன் அத்தை, ஒரு லாரியை நீ ஒரே ஒரு தடவை எடை போட்டுட்டு சீட்டு குடுப்பியா?"

"எப்படிக் குடுக்க முடியும்? ரெண்டாவது எடை வேண்டாமா?"

"அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை நீளமா பேசினார். அதை வெச்சே சீட்டு அடிச்சு கையில குடுத்துட்டியே! ஜல்லிக்கு இருக்கிற மரியாதை அவருக்கு இல்லையா?"

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். எழுந்தாள், கடைக்குள் போனாள், பேரம்கூடப் பேசாமல் அந்தப் பைனாகுலரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். "நடடி" என்றாள். சனிக்கிழமை சாயங்காலம் என் அறைக்கு வந்து, இந்தத் தடவை திருடாமல், சிவப்பு நெயில் பாலிஷ் கேட்டாள். கூடவே வெள்ளையும் இருக்கிறதா என்றாள். எதற்கு என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். தூக்கத்தைத் தியாகம் செய்து, கொசுக்கடியோடு, கோரைக்குள். சைலன்சர், பஸ் ஓட்டுகிறவருக்கு வேண்டிய அகலத்தோடு, சலவைச் சட்டையோடு நின்றிருந்தார். அத்தையைக் கண்டதும் அவர் கை தானாகத் தன் கழுத்துப் பட்டையைக் கழற்றப் போனது. பிறகுதான் அத்தையின் கழுத்தில் தொங்குவதைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"வாங்கிட்டீங்களா? நல்லதா போச்சு" என்றார். நல்லதாகப் போன முகம் இல்லை அது. கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கியபிறகு இருக்கிற பஸ் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கோரையைப் பார்த்தார். பிறகு அத்தை பயந்தபடியே மெல்ல நடந்து எதிர்க்கரைக்குப் போய்விட்டார். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து முட்டவிடலாம் போல இருந்தது.

பல் டாக்டர் அம்மா கையைக் காட்டினார். பட்டமரக் கிளையில் அதே மீன்கொத்தி. எங்கள் கரைக்குப் பக்கம். அத்தை பைனாகுலரை எடுத்தாள். தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், உதடு மெல்லப் பிரிந்தது. ஆனால் அதிகம் பார்க்கவில்லை. மாதக்கணக்காகப் பார்க்க முடியாமல் போன பறவையைக் கிளையிலேயே விட்டுவிட்டுக் கரையைச் சுற்றி எதிர்ப்பக்கம் நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஏங்க, இதுல பாருங்க" என்று கழற்றி நீட்டினாள்.

"என்கிட்டதான் இருக்கே" என்றார் சைலன்சர்.

"இருக்கட்டும். பாருங்க."

அவர் வாங்கினார். பழக்கதோஷம், குழல்களை அகட்டினார், ரப்பரை ஏற்றினார், வளையத்தைத் திருப்பப் போனார். அங்கே இரண்டு புள்ளிகள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. வெள்ளைப் புள்ளிமேல் அவருடைய கட்டைவிரல் நின்றது. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது மட்டும் சிவந்திருந்தது.

சைலன்சர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். எங்கே பார்த்தாரோ தெரியாது, மரம் இருக்கிற திசை அது இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னோட புள்ளி கொஞ்சம் தள்ளி இருக்கு" என்றார்.

"குத்துமதிப்பாதான் வெச்சேன். உங்க கண்ணு என்கிட்ட இல்லையே." அத்தை இப்போது திரும்பினாள். "வாரா வாரம் பாத்துப் பாத்துச் சரி பண்ணிக்கலாம்."

அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, தன்னுடைய பழைய பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். "இது நீ வெச்சுக்கம்மா. எனக்கு எதுக்கு இன்னொண்ணு?"

"எனக்குப் பறவையே பிடிக்காதுங்க" என்றேன். யாரும் என்னைச் சட்டை பண்ணவில்லை. புதுப் பைனாகுலரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அவர் அகட்டுவதும் அத்தை மடக்குவதும், அவர் ஏற்றுவதும் அத்தை இறக்குவதுமாக இரண்டு பேரும் அசடு வழிய நின்றார்கள். நான் சும்மா நிற்பானேன் என்று பழைய பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். மீன்கொத்தி நீலமாகக் கிளம்பித் தண்ணீர்மேல் நேர்கோடாகப் பறந்து மறைந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.